கண்ணால் கண்டு எழுதியவர்கள்

ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு பெயர்களை நம் வாசகர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பள்ளிப் பாடநூலில் அவை இல்லை. கலையைப் பற்றி மேடையேறி முழங்குவோர் நாவிலும் அவை வருவதில்லை. இரவிவர்மா என்று சொல்லிப் பாருங்கள், உடனே தலையசைப்பார்கள். அன்னத்தோடு பேசும் தமயந்தியும், தாமரைமேல் நிற்கும் இலக்குமியும், வீணை ஏந்திய சரசுவதியும் மளிகைக் கடை நாட்காட்டி முதல் மாளிகைக் கூடம் வரை தொங்கிய நாடல்லவா இது! அவருக்கு ஒரு தலைமுறை முன்பே, இத்தென்னாட்டிலேயே, பழைய ஓவியக் குடிகளின் பயிற்சியில் வளர்ந்த இருவர் இருந்தனர். அவர்கள் தேவர்களை எழுதவில்லை, தேவியரை எழுதவில்லை, கோமான்களின் மீசையையும் எழுதவில்லை. செடிகளையும் கொடிகளையும் எழுதினார்கள். ஓர் இலையில் நரம்பு எப்படிக் கிளைக்கிறது, ஒரு பூவின் உள்ளே மகரந்தத் தாள்கள் எத்தனை, கனியைக் குறுக்கே அரிந்தால் விதை எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணால் கண்டு, கண்டதைக் கண்டபடியே எழுதினார்கள்.

அவர்களுடைய வேலையைத்தான் இங்கு ஆராயப் போகிறோம். வாழ்க்கையையும் ஆராயலாமே என்று கேட்பீர்கள். வாழ்க்கையை யார் எழுதி வைத்தார்கள்? அந்தக் கேள்விக்கும் வருவோம்.

நாம் இதை எழுதுவது அச்சரப்பாக்கத்திலிருந்து. இவ்வூரின் பெயருக்குத் தலபுராணம் ஒரு காரணம் கூறுகிறது. முப்புரங்களை எரிக்கத் தேரேறிப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை வணங்க மறந்துவிட்டாராம். மகன் சினந்தானாம். தந்தையின் தேர் அச்சு இற்று வீழ்ந்ததாம். அச்சு இற்ற இடம் ஆதலால் அச்சிறுபாக்கம்! மூவுலகையும் அழிக்க வல்லவர் ஏறிய தேருக்கு, நம்மூர்த் தச்சர் செய்யும் கட்டை வண்டிக்குள்ள உறுதிகூடக் கிடையாதா என்று கேட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. போகட்டும். ஊரில் படித்தவர், பாமரர் எல்லோருக்கும் இக்கதை தெரியும். ஆனால் ஊரை அடுத்த வஜ்ரகிரி மலையின் சரிவில் முள்ளோடு நிற்கும் புதர் எது, அதன் இலை எதிரெதிராக இருக்குமா, மாறிமாறி இருக்குமா என்று கேளுங்கள். படித்தவர் விழிப்பார். ஆடு மேய்க்கும் சிறுவன் சொல்லிவிடுவான். களா எது, காரை எது, சூரை எது என்று அவனுக்குத் தெரியும். எந்த இலையை ஆடு கடிக்கும், எதைக் கண்டு ஒதுங்கும் என்பதும் தெரியும். அவனுடைய அறிவுக்கு மட்டும் எந்த ஏட்டிலும் இடமில்லை. ரங்கையாவும் கோவிந்துவும் அச்சிறுவனுக்கு உறவினர் என்றே நாம் கருதுகிறோம்.

இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்காகச் சென்னைக்கு வந்தார். வயது இருபத்து மூன்று. கையில் மருத்துவத் தொழில். மனமோ செடி கொடிகளின்மேல். 1826இல் கம்பெனியின் இயற்கை நூலறிஞர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பதவி ஒழிக்கப்பட்டு, நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக அனுப்பப்பட்டார். அங்கிருந்தபடியே, கிளாஸ்கோவில் தாவரவியல் ஆசிரியராயிருந்த வில்லியம் ஊக்கருக்கு உலர்ந்த செடிகளையும் செடிப்படங்களையும் அனுப்பி வந்தார். அந்தப் படங்களை எழுதியவர் ரங்கையா. கிளாஸ்கோ அறிஞர் அவற்றைத் தம் ஏட்டில் வெளியிட்டார். பார்த்தறியாத நாட்டின் செடியைப் பார்த்தறியாத ஓவியரின் கையை நம்பி அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டது என்பதை இங்கே நினைவில் வைப்போம். எழுதிய கோடு பொய்யாயிருந்தால் அறிவியலே பொய்யாகிவிடும்.

பின்னர் வைட் பாளையங்கோட்டைக்கும் சென்னைக்கும் மாறினார். 1842க்குப் பிறகு கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை இம்மண்ணில் வளர்த்துக் காட்டும் வேலையில் இருந்தார். அந்தப் பருத்தி முயற்சியில் கம்பெனி எதிர்பார்த்த பயன் விளையவில்லை. நிலைத்தது வேறொன்று. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய இந்தியத் தாவரப் படநூலில் மட்டும் 2101 படங்கள் உள்ளன. இவற்றோடு வண்ணம் தீட்டிய படங்களைக் கொண்ட இந்தியத் தாவரவியல் விளக்க நூல் ஒன்றும், நீலமலைச் செடிகளுக்கென்றே தனி நூல் ஒன்றும் வெளிவந்தன. எல்லாம் கல்லச்சில், சென்னையில் அச்சிடப்பட்டவை. இவற்றின் படங்களில் பெரும்பகுதி முதலில் ரங்கையாவின் கையாலும், 1840களின் நடுவிலிருந்து கோவிந்துவின் கையாலும் ஆனவை. வைட் 1853இல் ஓய்வு பெற்றுக் கப்பலேறிய பின்னரும் கோவிந்து இங்கே கிளெக்கார்ன், பெட்டோம் ஆகிய காட்டிலாகா அதிகாரிகளுக்காக எழுதிக்கொண்டிருந்தார்.

இருவரும் தெலுங்கு பேசும் குடியினர். தஞ்சை அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த ஓவிய மரபில் வந்தவர் என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். தஞ்சை ஓவியம் என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? பலகைமேல் துணி, துணிமேல் சுண்ணப் பூச்சு, பூச்சின்மேல் கண்ணாடிக் கல், கல்லைச் சுற்றிப் பொன் தகடு, நடுவே உப்பிய கன்னத்தோடு வெண்ணெய் உண்ணும் கண்ணன். அந்தக் கண்ணனை எழுத உயிருள்ள குழந்தையைப் பார்க்கத் தேவையில்லை. பாட்டன் எழுதிய அளவைப் பேரன் எழுதினால் போதும். கன்னம் இவ்வளவு, கண் இவ்வளவு, முடி இவ்வளவு என்று விதி உண்டு. விதியை மீறினால் குற்றம். அந்தப் பயிற்சியில் வந்த ஒருவனிடம் வேரோடு பிடுங்கிய செடி ஒன்றை வைத்து, இதை எழுது என்கிறார்கள். பாட்டன் சொன்ன அளவு எதுவும் இங்கே செல்லாது. செடி நேற்று மலையில் பூத்தது, இன்று வாடுகிறது, நாளை கருகும். அதற்குள் பார்க்க வேண்டும். அதற்குள் எழுத வேண்டும். பின்னர் பூவைப் பிளந்து, புல்லி வேறு, அல்லி வேறு, மகரந்தத் தாள் வேறு, சூலகம் வேறு என்று பிரித்து, கடுகளவு உள்ளதைக் கட்டைவிரல் அளவுக்குப் பெருக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளின் அடியில் எழுத வேண்டும். தாளில் எண்ணிக்கை ஒன்று பிசகினால் அச்செடி வேறு இனம், வேறு குடும்பம் என்றாகிவிடும்.

இந்த மாற்றத்தைச் சிறிது என்று எண்ணற்க. விதியைப் பார்த்து எழுதிய கை, பொருளைப் பார்த்து எழுதத் தொடங்கிற்று. பாட்டன் சொன்னான் என்பது போய், நான் பார்த்தேன் என்பது வந்தது. நம் நாட்டில் இதைச் சட்டசபையோ சாத்திரிமார் கூட்டமோ தீர்மானித்து நடக்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு அமர்ந்த இரண்டு ஓவியர்களின் மேசைமேல், எவரும் ஆரவாரம் செய்யாமல் நடந்தது.

இனிப் படங்களைப் பார்ப்போம். புகழ்மாலை மட்டும் சூட்டிவிட்டுப் போவது திறனாய்வு ஆகாது.

முதலில் நம் கண்ணில் படுவது அவற்றின் கோட்டு வன்மை. மெல்லிய கோடு, நடுங்காத கோடு. காசித்தும்பை இனங்களைப் பாருங்கள்: நீலமலைச் சாரலில் நீர் சொட்டும் பாறை இடுக்கில் வளரும் அச்சிறு செடிகளின் பூ உலர்ந்ததும் உருவமே இழந்து கசங்கிவிடும். அழுத்தி உலர்த்திய செடியைக்கொண்டு அதன் வடிவத்தை மீட்பது அறிஞருக்கும் கடினம். புதுச் செடியைப் பார்த்து எழுதிய படம் இருந்தால்தான் பூவின் முதுகில் வால்போல் நீளும் குழல் வளைந்ததா நேரா என்பது விளங்கும். ஆர்க்கிடு இனங்களிலும் அப்படியே. குறிஞ்சி இனங்களின் படங்களில் மலர்க்கொத்தின் அடியில் உள்ள சிற்றிலைகளும் அவற்றின்மேல் உள்ள மயிரும்கூட விடுபடவில்லை. மயிர் இருக்கிறதா இல்லையா என்பதைக்கொண்டே இரண்டு இனங்களைப் பிரிக்கிறார்கள் என்பது ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாத கை அதை விட்டுவிட்டிருக்கும்.

இரண்டாவது, பழைய பயிற்சி முற்றிலும் விட்டுப் போகவில்லை. தாள் முழுவதும் நிரம்ப வேண்டும் என்ற தஞ்சைப் பழக்கம் பல படங்களில் தெரிகிறது. கிளை தாளின் அகலத்துக்கேற்ப வளைகிறது. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்து வைத்த விசிறிபோல் நிற்கின்றன. ஒளியும் நிழலும் குறைவு. மேலை நாட்டு ஓவியர் ஒருவர் எழுதியிருந்தால் இலை திரும்பியிருக்கும், ஒன்று மற்றொன்றை மறைத்திருக்கும், செடிக்குக் கனம் வந்திருக்கும். இதைச் சிலர் குறை என்பர். நமக்குப் பாதி குறையாகவும் பாதி நிறைவாகவும் படுகிறது. ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பது தாவரப் படத்துக்கு வேண்டிய பண்பேயாகும். கோலம் போட்டும் கரை நெய்தும் பழகிய நாட்டின் கண் அதில் இருக்கிறது.

மூன்றாவது மெய்யாகவே குறை. பதினைந்து ஆண்டில் 2101 படங்கள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 140. வாரத்துக்கு இரண்டு மூன்று. மற்ற இரு நூல்களின் படங்கள் இக்கணக்கில் சேரவில்லை. இந்த விரைவில் எந்தக் கையும் களைக்கும். தொகுதி வளர வளர வெறும் வெளிக்கோட்டோடு நிற்கும் படங்கள் மிகுகின்றன. ராக்சுபர்க் காலத்துப் பழைய படங்களைப் பார்த்துப் படியெடுத்தவையும் இடையில் உண்டு; அவற்றில் உயிர் இல்லை. பார்த்து எழுதியதற்கும் பார்த்ததைப் பார்த்து எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்பும் இளைஞர் இவ்விரு வகைகளையும் பக்கத்தில் வைத்துக் காண்பாராக.

இனி ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். அந்த வழக்குக்காகவே இவ்விருவரையும் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தோம்.

சென்னைக் கலைப்பள்ளிக்கு 1884இல் தலைவராக வந்து, பின் கல்கத்தாவுக்குச் சென்ற ஹாவெல் என்ற ஆங்கிலேயரும், ஈழத்தமிழராகிய முத்துக்குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கொள்கையை நாடெங்கும் பரப்பினர். இந்தியக் கலைஞன் புறக்கண்ணால் இயற்கையைப் பார்த்து எழுதுபவன் அல்லன். அகக்கண்ணால், தியானத்தால், யோகத்தால் கண்டதை எழுதுபவன் என்பது அக்கொள்கை. இந்தியர்க்குக் கலையே இல்லை என்று இகழ்ந்த ஆங்கிலேயரின் வாயை அவர்கள் அடைத்தார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாயடைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? பார்ப்பது ஐரோப்பியன் தொழில், தியானிப்பது இந்தியன் தொழில் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! ஆராய்ச்சி அவனுக்கு, ஆன்மிகம் நமக்கு. ஆலையும் ஆய்வுக்கூடமும் அவன் பங்கு, ஆசனமும் அரைக்கண் மூடலும் நம் பங்கு. இதைவிட வசதியான பங்கீடு ஆள்வோருக்கு வேறு உண்டா? நம்மவரிலும் புராணங்களைப் போற்றியவர்கள் இதைப் பெருமை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

உண்மை என்ன? நம் மாவட்டத்துக் கடற்கரைக்கே வாருங்கள். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் தவக்கோலத்தில் ஒற்றைக்காலில் நிற்பவன் அருச்சுனனா பகீரதனா என்று அறிஞர் இன்னும் வாதாடுகின்றனர். வாதாடட்டும். அந்தப் பாறையின் அடிப்பகுதியைப் பாருங்கள்: மான் ஒன்று பின்னங்காலை முன்னே கொணர்ந்து மூக்கைச் சொறிகிறது. யானையின் கால்களுக்கிடையே கன்றுகள். அருகில் தனிச் சிற்பமாகக் குரங்குக் குடும்பம். ஒன்று மற்றொன்றின் மயிரில் பேன் பார்க்கிறது, குட்டி பால் குடிக்கிறது. இதை எந்த யோகத்தில் கண்டான் சிற்பி? எந்தத் தியானத்தில் மான் மூக்கைச் சொறிந்தது? ஏழாம் நூற்றாண்டில் உளி பிடித்தவன் காட்டோரத்தில் நின்று, கண் கொட்டாமல் பார்த்திருக்கிறான். எலிகள் சூழப் பூனை ஒன்று கைகளை உயர்த்தித் தவம் செய்வதையும் அவனே செதுக்கி வைத்தான். அது எதற்கென்று வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சிற்பியர் மட்டுமா? அச்சரப்பாக்கத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் உழவர்களைப் பாருங்கள். ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது என்பதைக் கண்டறிந்து, அப்பறவைகளைச் சுடாதபடி காத்து வந்தவர்கள் அவர்கள். 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் பிறப்பித்த ஆணை, உழவர்கள் தாமே கண்ட உண்மைக்கு இட்ட முத்திரைதான். வேதியியல் நூல் படித்தா அதைக் கண்டார்கள்? புறக்கண் நம்மிடம் எப்போதும் இருந்தது. அது உளி பிடித்தவனிடமும், ஏர் பிடித்தவனிடமும், தூரிகை பிடித்தவனிடமும் இருந்தது. எழுத்தாணி பிடித்தவன் அதை ஏட்டில் ஏற்றவில்லை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இரவிவர்மாவை ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பது நலம். 1848இல் கிளிமானூரில் பிறந்து 1906இல் மறைந்தவர் அவர். தஞ்சைமுறை ஓவியத்தைத் தம் மாமனிடம் கற்றார். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை அரண்மனை ஓவியர் சொல்லித்தர மறுத்தபோது, அவருடைய மாணவராகிய ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து சொல்லித்தந்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். அந்த ஆறுமுகம் பிள்ளையின் கை எங்கே போயிற்று என்று கேட்பார் இல்லை. இரவிவர்மாவின் திறமையை நாம் மறுக்கவில்லை. கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணை எழுதி 1873இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றாரே, அந்தப் பெண் உயிருள்ளவள். அவர் எழுதிய மனிதர் முகங்கள் பல மெய்யானவை. ஆனால் பரோடா மன்னருக்குப் பதினான்கு புராணப் படங்கள் எழுதினார். 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவி, தேவ தேவியரை வண்ண அச்சில் ஏற்றி வீடுதோறும் அனுப்பினார். சேலையின் மடிப்பு மெய், சரிகையின் மினுக்கு மெய், தோலின் நிறம் மெய். நான்கு கைகள் மட்டும் பொய். முக்கால் பங்கு மெய்யைக் கலந்ததால்தானே கால் பங்கு பொய் அவ்வளவு எளிதில் விலைபோயிற்று! ஆனந்த குமாரசாமியும் இவரைக் கண்டித்தார். போதுமான ஆன்மிகம் இல்லை, நாடகத்தனம் மிகுதி என்றார். நம் கண்டனம் அதற்கு நேர்மாறானது. இயற்கையை எழுதக் கற்ற கை அந்த வழியிலேயே நின்றிருக்கக் கூடாதா என்பதே நம் ஆற்றாமை.

பெயர்க் கதைக்கு வருவோம். வைட்டுக்கு முன் ராக்சுபர்க் வெளியிட்ட சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் என்ற நூல் 1795இல் தொடங்கி 1820 வரை இலண்டனில் அச்சாயிற்று. முந்நூறு படங்கள். எழுதியவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். அவர்கள் யார்? நூலில் பெயர் இல்லை. வைட் அவ்விதம் செய்யவில்லை. படத்தின் கீழ் ரங்கையா எழுதியது, கோவிந்து எழுதியது என்று அச்சிட்டார். 1853இல் ஓர் ஆர்க்கிடுப் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயியா என்று பெயர் சூட்டினார். ஆளும் கம்பெனியின் அதிகாரி, சம்பளத்துக்கு எழுதிய ஓவியனின் பெயரைச் செடிக்கு வைத்தது அக்காலத்தில் அரிய செயல். அதை மனமாரப் பாராட்டுவோம். பிற்காலத்தில் அச்செடி முன்பே பெயரிடப்பட்ட டிராப்பிடியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று அறிஞர் முடிவு செய்ததால் கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்தது. இதில் சதி ஏதும் இல்லை. முன் வைத்த பெயரே நிற்கும் என்பது தாவரவியலின் விதி. அந்த விதி மன்னன் பெயரையும் அழிக்கும், ஓவியன் பெயரையும் அழிக்கும். ஆயினும் மன்னனுக்கு வேறு கல்வெட்டு உண்டு. கோவிந்துவுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

உலகின் மறுகோடியிலும் இதே காட்சி. ஸ்பெயின் நாட்டு மூத்திசு என்னும் அறிஞர், இன்று கொலம்பியா எனப்படும் நாட்டில் 1783 முதல் ஒரு தாவர ஆய்வுப் பணியை நடத்தினார். அவர் அமர்த்திய ஓவியர்களில் பலர் அந்நாட்டு மண்ணின் மைந்தர்கள். ஆறாயிரத்தை ஒட்டிய படங்கள் உருவாயின. அவர்களுள் மத்தீசு என்பவரை உலகின் தலைசிறந்த மலர் ஓவியர் என்று அம்போல்ட் போற்றினார். ஓவியர் கூடத்துக்குத் தலைவராயிருந்த சல்வதோர் ரிசோ விடுதலைப் போரில் சேர்ந்து, 1816இல் ஸ்பெயின் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். படங்களைப் பெட்டியில் அடுக்கி மாத்ரிதுக்கு அனுப்பினார்கள். அவை நூலாக வெளிவரத் தொடங்கிய ஆண்டு 1954! எழுதியவன் சுடுபட்டு நூற்று முப்பத்தெட்டு ஆண்டு கழித்து அவன் எழுதிய பூ அச்சேறத் தொடங்கிற்று. ரங்கையாவின் படங்கள் அந்த வகையில் பேறு பெற்றவை. அவர் காலத்திலேயே அச்சேறின.

வெள்ளையனை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ரங்கையா எங்கே பிறந்தார், எப்போது இறந்தார், பிள்ளைகள் உண்டா, எத்தனை ரூபாய்க்கு வேலை செய்தார், கண் மங்கிய பின் என்ன செய்தார் என்பதை வைட் எழுதவில்லை என்று குறைபடலாம். நாம் எழுதினோமா? அதே ஆண்டுகளில் இந்நாட்டுப் புலவர் பெருமக்கள் தலபுராணம் பாடிக்கொண்டிருந்தார்கள். எந்தக் குளத்தில் குளித்தால் எந்த நோய் தீரும் என்று விருத்தம் விருத்தமாக எழுதினார்கள். கையால் தொழில் செய்பவனைக் கீழ்ப்படியிலும் ஏடு ஓதுபவனை மேற்படியிலும் உட்காரவைத்த ஏற்பாட்டில், தூரிகைக்காரனின் வாழ்க்கை எழுதத்தக்க பொருளாகவே தோன்றவில்லை. வெள்ளை அதிகாரி இரண்டு சொல்லாவது அச்சிட்டான். நாம் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இதனால் தமிழுக்கு நேர்ந்த இழப்பு ஒன்று உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயரை அடுக்கினார். உலக இலக்கியத்தில் இதற்கு இணை காண்பது அரிது. நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படவும் வேண்டும். ஆனால் அந்த 99இல் எத்தனை மலரை நம்மால் இன்று விரல் நீட்டிக் காட்ட முடியும்? சிலவற்றைப் பற்றி உரையாசிரியர் ஒன்று கூறுவார், தாவர நூலார் வேறொன்று கூறுவார். பெயர் இருக்கிறது, படம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் வந்த ரங்கையாவும் கோவிந்துவும் இதே மலைகளின் மலர்களை, இதழெண்ணி எழுதிப் படமாக்கினார்கள். அவற்றின் கீழே அச்சிடப்பட்டிருப்பது இலத்தீன் பெயர். படம் இருக்கிறது, நம் பெயர் இல்லை. புலவரிடம் உள்ள பெயரையும் ஓவியரிடம் உள்ள படத்தையும் ஆடு மேய்க்கும் சிறுவனிடம் உள்ள அடையாளத்தையும் ஒரே தாளில் கொண்டுவரும் வேலை இன்னும் பெரிதும் எஞ்சி நிற்கிறது. ஆராய்ச்சியாளர் சிலர் தொடங்கியிருக்கின்றனர். ஊர்தோறும் நடக்க வேண்டிய வேலை அது.

எடின்பரோ அரசுத் தாவரத் தோட்டத்தின் பெட்டகங்களில் இவ்விருவரின் மூலப் படங்கள் நூற்றுக்கணக்கில் காக்கப்பட்டுள்ளன. அத்தோட்டத்தைச் சேர்ந்த என்றி நோல்ட்டி 2007இல் மூன்று நூல்களாக வைட்டின் வரலாற்றையும் இப்படங்களையும் வெளியிட்டார். தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து பெயர்களைப் பொறித்தார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அதைச் செய்யவேண்டி வந்ததே என்று நாணுவதில் பொழுதைப் போக்க வேண்டா. வைட்டின் படநூல்கள் இன்று இணையத்தில் விலையின்றிப் பார்க்கக் கிடைக்கின்றன. கையடக்கப் பேசி வைத்திருக்கும் எந்த இளைஞரும் திறந்து பார்க்கலாம். நம் படிப்பகச் சுவர்களில் தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் ரங்கையாவின் செடிப்படம் ஒன்று தொங்கட்டும். அதன் கீழே இலத்தீன் பெயரோடு தமிழ்ப் பெயரும், எழுதியவர் பெயரும் இருக்கட்டும். நாட்காட்டி அச்சிடும் தோழர்கள் நம்மிடையே பலர் உளர். பன்னிரண்டு திங்களுக்குப் பன்னிரண்டு செடிகள் என்று ஓர் ஆண்டு அச்சிட்டுப் பார்க்கட்டுமே!

மழை விழுந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வஜ்ரகிரிச் சரிவு போன்ற புதர்க்காட்டுக்குப் போங்கள். கபிலரின் பட்டியலில் முதலில் நிற்கும் காந்தளைத் தேடுங்கள். இலையின் நுனி சுருண்டு பக்கத்துப் புதரைப் பற்றிக்கொண்டிருக்கும். இதழ் ஆறு, பூக்கும்போது பச்சை, பின் மஞ்சள், பின் சிவப்பு. கிழங்கு நஞ்சு, வாயில் வைக்கக் கூடாது. பூவைப் பறிக்காமல் குனிந்து பாருங்கள்: சூல்தண்டு சூலகத்தின் உச்சியிலேயே செங்கோணமாக மடங்கிப் பூவுக்கு வெளியே நீண்டிருக்கும். மகரந்தப் பைகளைத் தொடாமல் அது ஏன் அப்படி ஒதுங்கி நிற்கிறது என்று உடன் வரும் சிறுவன் கேட்பான். விடையைப் படித்துக்கொண்டு போங்கள்.